பென்டிரைவைக் கணினி அடையாளம் காணவில்லையா? ‘ஃபார்மட்’ அழுத்தும் முன் பார்க்க வேண்டியவை

பென்டிரைவைக் கணினியில் செருகுகிறோம். வழக்கமாக வரும் ஒலி வரவில்லை. அல்லது ஒலி வந்த கையோடு, ‘யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெக்கக்னைஸ்டு’ என்று திரையின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி தோன்றி மறைகிறது. சில நேரங்களில், ‘இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று கணினி கேட்கிறது. மூன்றையுமே நாம் ‘பென்டிரைவ் வேலை செய்யவில்லை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதற்குச் செய்ய வேண்டியதை மூன்றாவதற்குச் செய்தால் பயனில்லை. மூன்றாவதில் அவசரப்பட்டால் உள்ளே இருப்பதையே இழக்க நேரிடும்.

பென்டிரைவின் விலை சில நூறு ரூபாய்தான். அதனுள் இருப்பது தங்கையின் நிகாஹ் வீடியோவாக இருக்கலாம். மறைந்துவிட்ட வாப்பாவின் குரல் பதிவாக இருக்கலாம். பிள்ளையின் கல்லூரி புராஜெக்டாகவோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதியாகவோ இருக்கலாம். எனவே கோளாறு என்றதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘இதை எப்படிச் சரிசெய்வது?’ என்பதல்ல. ‘இதில் இருப்பவற்றுக்கு வேறு எங்காவது பிரதி இருக்கிறதா?’ என்பதுதான். பிரதி இருந்தால் கீழே வரும் எதையும் தயங்காமல் செய்து பார்க்கலாம். இல்லையென்றால் அந்த டிரைவின் மீது எதையும் எழுதக்கூடிய வேலை எதுவும் வேண்டாம். படிப்பது மட்டும்தான் ஆபத்தில்லாதது.

செருகியதும் உள்ளே நடப்பது

நாம் பொறியியல் படித்தவர்கள் அல்ல, கலைப் பட்டதாரிகள்தாம். ஆனாலும் இந்தப் பகுதியைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும் என்பதால் சொல்கிறோம்.

1990களின் நடுப்பகுதி வரை கணினியின் பின்புறத்தில் பிரின்டருக்கு ஒரு வகைத் துளை, கீபோர்டுக்கு ஒரு வகை, மோடத்துக்கு ஒரு வகை என்று பலவும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே துளை போதும் என்று இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் யுஎஸ்பி. முதல் வரையறை 1996இல் வந்தது. இன்டெல் நிறுவனத்தில் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் இந்தியாவில் பிறந்து பரோடாவில் படித்த அஜய் பட். 2000இல் யுஎஸ்பி 2.0, 2008இல் யுஎஸ்பி 3.0 வந்தன. இன்று நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும், இவற்றுக்குப் பின் வந்தவையும்தான்.

சாதாரண யுஎஸ்பி முனையை உற்றுப் பார்த்தால் நான்கு உலோகப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு. நடுவில் உள்ள இரண்டும் தகவலுக்கு. மின்சாரப் பட்டைகள் சற்று நீளமாக இருக்கும். செருகும்போது முதலில் 5 வோல்ட் மின்சாரம் சேர்ந்து, பிறகுதான் தகவல் இணைப்பு தொட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் பென்டிரைவ் ஒரு தகவல் ஒயரில் மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்திக் காட்டுகிறது. ‘நான் வந்திருக்கிறேன்’ என்று கதவைத் தட்டுவது போன்றது அது. கணினி அதற்கு 1 முதல் 127 வரை ஒரு எண்ணை முகவரியாகக் கொடுத்துவிட்டு, ‘நீ யார்? உன்னைச் செய்தது யார்? உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?’ என்று விசாரிக்கிறது. சரியான பதில் கிடைத்தால் அதற்குரிய டிரைவர் மென்பொருளை இயக்குகிறது. அதன்பின் உள்ளே இருக்கும் பகிர்வுகளைப் படித்து, கோப்பு அமைப்பைப் புரிந்துகொண்டு, இ, எஃப் என்று ஒரு எழுத்தைக் கொடுத்து நம் முன் வைக்கிறது.

ஆக மின்சாரம், விசாரணை, டிரைவர், கோப்பு அமைப்பு, எழுத்து என்ற வரிசை. பென்டிரைவ் இதில் எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

சத்தமே இல்லை என்றால்

எந்த ஒலியும் இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரமே போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆனால் விளக்கே இல்லாத பென்டிரைவ்களும் உண்டு. ஸ்பீக்கர் இல்லாத மேசைக் கணினிகளும் உண்டு. எனவே உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி: விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பென்டிரைவைச் செருகுங்கள். பட்டியல் ஒரு கணம் சிமிட்டிப் புதுப்பித்துக்கொண்டால் கணினி ஏதோ ஒன்றை உணர்ந்திருக்கிறது என்று பொருள். அசையவே இல்லை என்றால் கோளாறு கம்பியிலோ, போர்ட்டிலோ, பென்டிரைவின் முனையிலோ இருக்கிறது.

இந்த நிலையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். போர்ட்டை மாற்றிப் பாருங்கள். பிறகு அதே பென்டிரைவை வேறொரு கணினியில் பாருங்கள். பிறகு அதே போர்ட்டில் வேறொரு பென்டிரைவைப் பாருங்கள். மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது. வீட்டில் இரண்டாவது கணினி இல்லையே என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு கைபேசியே போதும். ‘ஓடிஜி’ என்று கேட்டால் கைபேசிக் கடைகளில் ஒரு சிறிய இணைப்பி கிடைக்கும். அதில் பென்டிரைவைச் செருகிக் கைபேசியில் திறந்து பார்க்கலாம். அங்கே திறந்தால் குற்றம் கணினியினுடையது; பென்டிரைவினுடையது அல்ல. திறந்த கையோடு முக்கியமானவற்றைக் கைபேசிக்குள் நகலெடுத்துவிட்டுப் பிறகு மற்ற ஆராய்ச்சிகளைத் தொடருங்கள். ஆனால் அங்கும் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும்.

மேசைக் கணினியில் முன்பக்க போர்ட்களை நம்ப வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். அவை பெட்டிக்குள் ஒரு நீண்ட ஒயர் வழியாகத் தாய்ப்பலகையில் இணைக்கப்படுகின்றன. அந்த ஒயர் தளர்ந்துபோவது மிகச் சாதாரணம். பின்பக்க போர்ட்கள் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டவை. எங்கள் மதரஸா அலுவலகத்துக் கணினியில் ஒரு பென்டிரைவும் திறக்கவில்லை என்று புதிதாக இரண்டு வாங்கினார்கள், அவையும் திறக்கவில்லை. பின்னால் செருகியதும் பழையதும் புதியதும் எல்லாம் திறந்தன. பல போர்ட்கள் கொண்ட ஹப், நீட்டிப்பு ஒயர் ஆகியவற்றை விலக்கிவிட்டு நேரடியாகச் செருகிப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

‘அதே போர்ட்டில் மவுஸ் வேலை செய்கிறதே’ என்பார்கள். மவுஸுக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்பியர் வரையும், 3.0 போர்ட் 900 வரையும் தர வேண்டும் என்பது வரையறை. பலவீனமான போர்ட்டில் மவுஸ் ஓடும். சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க் ஓடாது. இது பற்றிப் பின்னால் வருகிறது.

நீல நிற போர்ட்டில் திறக்காத பென்டிரைவை ஒருமுறை கறுப்பு போர்ட்டில் செருகிப் பாருங்கள். நீலம் பொதுவாக 3.0, கறுப்பு 2.0. (நிறம் ஒரு வழக்கம்தான், எல்லா நிறுவனங்களும் பின்பற்றுவதில்லை.) 3.0 முனையில் பழைய நான்கு பட்டைகளோடு உட்புறமாக இன்னும் ஐந்து இருக்கும். அந்த ஐந்தில் கோளாறு என்றாலும் பழைய நான்கின் வழியாக, வேகம் குறைவாக இருந்தாலும், கோப்புகளை எடுத்துவிட முடியும். விண்டோஸ் 7 இருக்கும் பழைய கணினிகளில் இன்னொரு காரணமும் உண்டு: அதில் 3.0க்கான டிரைவர் உள்ளமைந்து வரவில்லை. தனியாக நிறுவாவிட்டால் நீல போர்ட் செத்த போர்ட்தான்.

கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் முனையின் உலோகப் பட்டைகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருகலாம். ஊசி, குண்டூசி கொண்டு போர்ட்டுக்குள் சுரண்டக்கூடாது. மின்சாரம் உள்ள இடம் அது. முனை வளைந்திருந்தால் நிமிர்த்திப் பார்க்கவும் வேண்டாம். பலகையிலிருந்து பற்றவைப்பு முழுவதும் பெயர்ந்துவிடும். அதை மீண்டும் பற்றவைக்க நல்ல கைபேசி பழுதுபார்ப்பவரால் முடியும். செருகியதும் பென்டிரைவ் கை சுடும் அளவுக்குச் சூடானால் உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது.

‘நாட் ரெக்கக்னைஸ்டு’ என்று வந்தால்

இது உண்மையில் பாதி நல்ல செய்தி. மின்சாரம் போயிருக்கிறது, கதவு தட்டப்பட்டிருக்கிறது. ‘நீ யார்’ என்ற விசாரணைக்குத்தான் சரியான பதில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி தெரியும். அதை இருமுறை சொடுக்கினால் ‘கோட் 43’ என்ற எண் வரக்கூடும். ‘டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்றும் இருக்கலாம். சாதனம் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். கோட் 28 என்றால் டிரைவர் இல்லை. கோட் 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள், வலப் பொத்தானை அழுத்தி ‘எனேபிள்’ கொடுத்தால் போதும்.

கோட் 43க்கு முதல் மருந்து கணினியை ரீஸ்டார்ட் செய்வது. ‘நேற்றிரவு அணைத்துவிட்டுத்தானே இன்று காலை போட்டேன்’ என்று சொல்பவர்கள் கவனிக்கவும்: விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி உள்ளது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதி முழுமையாக அணைவதில்லை. அதன் நிலையை வட்டில் சேமித்து வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்துத் தொடர்கிறது. கோளாறும் கூடவே தொடரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதிலும் சரியாகாவிட்டால் கணினியை அணைத்து, மின் ஒயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, எஞ்சியுள்ள மின்சாரத்தை வடியவிட்டு மீண்டும் போடுங்கள். மடிக்கணினியில் பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதையும் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். கேட்பதற்குப் பாட்டி வைத்தியம் போல இருக்கும்; ஆனால் போர்ட் கட்டுப்பாட்டுச் சில்லு குழம்பிப் போயிருந்தால் இதில் பலமுறை சரியாகிவிடுகிறது.

அடுத்து, டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் முக்கோண வரியில் வலப் பொத்தானை அழுத்தி ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுங்கள். பயப்பட வேண்டாம், இது கணினியில் உள்ள பதிவை மட்டும்தான் நீக்கும், பென்டிரைவில் உள்ள எதையும் தொடாது. பிறகு பென்டிரைவை எடுத்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்து மீண்டும் செருகினால் விண்டோஸ் டிரைவரைப் புதிதாக நிறுவிக்கொள்ளும்.

கொஞ்ச நேரம் வேலை செய்து பிறகு காணாமல் போகும் டிரைவ் என்றால் மின்சேமிப்பைச் சந்தேகிக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ‘யுஎஸ்பி ரூட் ஹப்’ என்பதை இருமுறை சொடுக்கி, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

இணையத்தில் ‘உங்கள் டிரைவர்கள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவ வேண்டாம். பென்டிரைவுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. இல்லாத நோய்க்கு மருந்து விற்கும் வியாபாரம் அது. நோயையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதும் உண்டு. அலுவலகக் கணினியில் மட்டும் எந்தப் பென்டிரைவும் திறக்கவில்லை என்றால் நிர்வாகமே பாதுகாப்புக்காகத் தடுத்து வைத்திருக்கலாம். அதை உடைக்க முயலாமல் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

பட்டியலில் இருக்கிறது, டிரைவாகத் தெரியவில்லை

டிவைஸ் மேனேஜரில் பெயர் தெளிவாக இருக்கிறது. ஆனால் ‘திஸ் பிசி’யில் காணோம் என்றால் அடுத்த வாசல் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’. அதே விண்டோஸ், எக்ஸ் பட்டியலில்தான் அதுவும் இருக்கிறது. திறந்ததும் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு வட்டும் ஒரு நீண்ட பட்டையாகத் தெரியும். நம் பென்டிரைவின் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். இங்கே எதையும் அவசரமாகச் சொடுக்கக்கூடாது. கணினியின் சொந்த வட்டும் இதே திரையில்தான் இருக்கிறது.

கொள்ளளவும் கோப்பு அமைப்பின் பெயரும் சரியாக இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால் பெரிய விஷயமே இல்லை. வலப் பொத்தானை அழுத்தி ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ மூலம் ஒரு எழுத்தைக் கொடுத்தால் அடுத்த நொடி திறந்துவிடும். ‘ரா’ என்றோ ‘அன்அலோகேட்டட்’ என்றோ இருந்தால் கோப்பு அமைப்போ பகிர்வுப் பட்டியலோ கெட்டிருக்கிறது. தரவு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். ‘நோ மீடியா’ என்று இருந்தால் நிலைமை வேறு. பென்டிரைவில் இரண்டு பகுதிகள் உண்டு: தரவு தங்கும் நினைவுச் சில்லு, கணினியோடு பேசும் கட்டுப்பாட்டுச் சில்லு. பேசுகிற சில்லு உயிரோடு இருக்கிறது. ஆனால் நினைவுச் சில்லை அதனால் எட்ட முடியவில்லை. வீட்டில் எந்த மென்பொருளைப் போட்டாலும் இதிலிருந்து கோப்பு வராது.

‘ஃபார்மட் செய்யலாமா?’

இந்தக் கேள்விக்கு எப்போதும் ‘கேன்சல்’ என்பதே பதில். கணினி இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம், உள்ளே இருப்பதை அதனால் படிக்க முடியவில்லை என்பதுதான். படிக்க முடியாததை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்கிறது. ஒரு நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்க, எது எங்கே இருக்கிறது என்ற பதிவேடு மட்டும் கிழிந்துபோனது போன்ற நிலை இது. பதிவேடு கிழிந்ததற்காக நூலகத்தைக் காலி செய்ய யாரும் சம்மதிப்பதில்லை.

சில வேளை பதிவேடுகூடக் கிழிந்திருக்காது. ஆப்பிள் மேக் கணினியில் அதன் சொந்த முறையில் ஃபார்மட் செய்யப்பட்ட டிரைவை விண்டோஸால் படிக்க இயலாது. அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்கும். ஸ்டுடியோக்களில் மேக் பயன்படுத்துவோர் உண்டு. கல்யாண வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி வந்து வீட்டில் திறக்கவில்லை என்றால் முதலில் ஸ்டுடியோவுக்கு ஒரு போன் செய்து, ‘இதை எதில் காப்பி செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். அதேபோல எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள பென்டிரைவைச் சில டிவிகளும் கார் ஸ்டீரியோக்களும் ஏற்பதில்லை. அவற்றுக்கு ஃபேட்32 தேவை. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது.

பதிவேடு உண்மையிலேயே கெட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் உள்ளன. டெஸ்ட்டிஸ்க் பதிவேட்டைப் படித்துப் பார்க்க முயலும். ஃபோட்டோரெக் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஒவ்வொரு அலமாரியாகத் தேடி, படம், வீடியோ, ஆவணம் என்று அடையாளம் கண்டு எடுத்துக் கொடுக்கும். கோப்பின் பழைய பெயர்கள் வராது. எழுத்தும் எண்களுமாக ஆயிரக்கணக்கில் வந்து விழும். உட்கார்ந்து பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். மீட்கும் கோப்புகளைக் கணினியின் வட்டிலோ வேறு டிரைவிலோதான் சேமிக்க வேண்டும். அதே பென்டிரைவில் சேமித்தால் இன்னும் மீட்காத படங்களின் மேலேயே எழுதுவதாகும். தெரிந்தவர்கள் முதலில் டிரைவ் முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்துக்கொண்டு அந்தப் பிரதியில் வேலை செய்வார்கள். அதுவே சிறந்தது. ‘செக்டிஸ்க்’ ஓட்டச் சொல்லிப் பலரும் ஆலோசனை தருவார்கள். அது கோப்பு அமைப்பைச் சரிசெய்யும்போது கெட்டதாகக் கருதுவதை வெட்டிவிடும். தரவை எடுத்த பிறகு ஓட்டலாம், முன்னால் வேண்டாம்.

வீட்டில் பிள்ளைகள் ஏற்கெனவே ‘ஃபார்மட்’ கொடுத்துவிட்டார்களா? திட்டுவதற்கு முன் எந்த ஃபார்மட் என்று கேளுங்கள். ‘குவிக் ஃபார்மட்’ என்றால் அது பதிவேட்டைத்தான் புதிதாக எழுதியிருக்கும். அதன்பின் ஒன்றும் சேமிக்காமல் இருந்தால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. குவிக் என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்திருந்தால், விஸ்டா முதலான விண்டோஸ் பதிப்புகளில் டிரைவ் முழுவதும் பூஜ்யங்களால் எழுதப்பட்டுவிடும். அதன்பின் தேட ஒன்றும் இல்லை.

பதிவேடு கிழிவதற்கு மிகச் சாதாரணமான காரணம், எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவைப் பிடுங்குவது. 2018இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல் ‘விரைவாக அகற்றுதல்’ என்பதே இயல்பான அமைப்பாக உள்ளது. அதனால் ‘சேஃப்லி ரிமூவ்’ தேவையில்லை என்று சொல்கிறார்கள். நகலெடுப்பு முடிந்து டிரைவ் சும்மா இருக்கும்போது அது சரி. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறதா என்பது நமக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு சொடுக்குகளை மிச்சப்படுத்த வேண்டாம்.

இடையில் இரண்டு ஏமாற்றுகள். கோப்புகளுக்குப் பதிலாக வெறும் ஷார்ட்கட்கள் மட்டும் தெரிந்தால் அது வைரஸின் வேலை. கோப்புகள் அழியவில்லை; மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட் எதையும் திறக்காமல், முதலில் வைரஸ் சோதனை ஓட்டிவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால் வெளியே வரும். மற்றொன்று: நம்ப முடியாத விலையில் 1 டிபி, 2 டிபி என்று விற்கப்படும் பென்டிரைவ்கள். உள்ளே சிறிய சில்லை வைத்துவிட்டுக் கணினியிடம் பெரிய எண்ணைச் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பும் வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்கு மேல் போடுவது எதுவும் தங்காது, பெயர் மட்டும் தெரியும், திறந்தால் திறக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கிய அன்றே, எதையும் போடும் முன் சோதிக்க வேண்டும்.

வெளி ஹார்ட் டிஸ்க், கைபேசி

கைக்கு அடக்கமான 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுபவை. தட்டு சுழலத் தொடங்கும் அந்த முதல் சில நொடிகளில்தான் அதிக மின்சாரம் இழுக்கும். போர்ட் பலவீனம், ஒயர் நீளம் என்றால் சுழலத் தொடங்கி நின்று, மறுபடி தொடங்கி நிற்கும். குறுகிய, தடித்த ஒயரை மாற்றிப் பின்பக்க போர்ட்டில் செருகுவதே பாதிப் பேருக்குப் போதுமானது. பெரிய 3.5 அங்குல வகைக்குத் தனி அடாப்டர் உண்டு. அது பழுதானாலும் டிஸ்க் செத்துவிட்டது போலவே தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் அந்தக் கணமே ஒயரை எடுத்துவிடுங்கள். படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அடித்துக்கொள்கிறது. ‘இன்னொரு முறை பார்ப்போம்’ என்று போடும் ஒவ்வொரு முறையும் தட்டின் மேற்பரப்பு கீறப்படலாம். சத்தமில்லாமல் நன்றாகச் சுழன்றும் கணினியில் தெரியவில்லை என்றால், வெளிப்பெட்டியில் உள்ள சிறு இணைப்புப் பலகை மட்டும் கெட்டிருக்க வாய்ப்புண்டு. பல டிஸ்க்குகளை உள்ளிருந்து எடுத்து வேறு பெட்டியில் போட்டுப் படிக்கலாம். எல்லாவற்றிலும் முடியாது: சிலவற்றில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் பலகையிலேயே இருக்கும்; சில பெட்டிகள் தரவைத் தாமே மறைகுறியாக்கி வைக்கும்.

கைபேசியைக் கணினியில் இணைத்தால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, படங்கள் தெரியவில்லை என்பது நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இரண்டே காரணங்களைப் பார்த்தால் போதும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பொதுவாக இணைத்ததும் ‘சார்ஜிங் மட்டும்’ என்ற நிலையில்தான் இருக்கும். பூட்டைத் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்வு செய்ய வேண்டும். இரண்டாவது, ஒயர். பவர் பேங்க், சிறிய விளக்கு போன்றவற்றோடு வரும் மலிவான ஒயர்களில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டுமே இருக்கும். தகவல் கம்பிகளே இருக்காது. பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் தகவல் செல்லும் ஒயர் ஒன்றை வீட்டில் அடையாளம் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் கொடுப்பதென்றால்

‘நோ மீடியா’, டிக் சத்தம், உடைந்த சில்லு ஆகிய மூன்றும் வீட்டு வைத்தியத்துக்கு உட்பட்டவை அல்ல. சாதாரண கணினி பழுதுக் கடைக்கும் தரவு மீட்பு மையத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் ‘டிரைவ் வேலை செய்ய வேண்டும்’ என்றால் ஃபார்மட் செய்து வேலை செய்ய வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. நாம் கேட்டது அதைத்தான். ‘டிரைவ் எனக்கு வேண்டாம், உள்ளே இருக்கும் கோப்புகள்தான் வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லி, முடிந்தால் எழுதியும் கொடுக்க வேண்டும். நினைவுச் சில்லைத் தனியே கழற்றிப் படிக்கும் கருவிகள் மீட்பு மையங்களில் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வில்லையாக வார்த்திருக்கும் மிகச் சிறிய பென்டிரைவ்களில் அந்த வேலை மிகக் கடினம், செலவும் கூடும். கொடுக்கும் முன் சோதனைக்குத் தனிக் கட்டணமா, மீட்க முடியாவிட்டாலும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். மீட்டெடுப்பவர் ஒவ்வொரு கோப்பும் சரியாகத் திறக்கிறதா என்று திறந்து பார்ப்பார். நம் வீட்டுப் பெண்களின் படங்களும் அதில் இருக்கும். பார்க்கப்போவது யார், மீட்டதை எந்தக் கணினியில் வைத்திருப்பார்கள், நம்மிடம் ஒப்படைத்தபின் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதற்கு நேரான பதில் தருபவரிடம் மட்டும் கொடுங்கள். அருகில் இருந்து வாங்கிக்கொள்ள முடியும் என்றால் குடும்பத்தில் ஒருவர் உடன் சென்று உட்கார்ந்திருப்பது மேல்.